தாய்லாந்தில் 14 நாள்: மே மாதத்தில் எந்தக் கடல்?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் கோவை. நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், 67 வயது மாமியார் என்று ஐந்து பேர். மே மாத லீவில் இரண்டு வாரம் தாய்லாந்து போக முடிவு செய்திருக்கிறோம். பாங்காக் 4 இரவு, பட்டாயா 2, புக்கெட் 3, பி பி தீவு 1, கிராபி 2, கடைசியாகக் கோ சமுய் 1 என்று போட்டு வைத்திருக்கிறேன். கிராபியில் ஓட்டலும் புக் செய்தாயிற்று, இலவசமாக ரத்து செய்துகொள்ளலாம். நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மாமியாருக்கு முழங்கால் வலி, "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். பிள்ளைகளுக்குக் கடலில் ஆட வேண்டும், அதுதான் முக்கியம். திட்டம் சரியா? நகரத்தை முதலில் வைப்பதா, கடலையா?

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கையும் சமுயையும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் இருக்கும் நான்கு ஊரையும் அடித்துவிடுங்கள். கிராபி ஓட்டலை இன்றைக்கே ரத்து செய்யுங்கள். மாமியாரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிராபியை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், நீங்கள் போவது மே மாதம். தாய்லாந்தின் தென்பகுதி ஒல்லியாக நீண்டு இறங்குகிற நிலம். அதன் மேற்குக் கரை அந்தமான் கடல். புக்கெட், கிராபி, பி பி எல்லாம் அந்தப் பக்கம். கிழக்குக் கரை தாய்லாந்து வளைகுடா. சமுய், பாங்கன், தாவ் தீவுகள் இந்தப் பக்கம். கோவைக்காரரான உங்களுக்கு இதற்கு மேல் விளக்கவே வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைப் போட்டு அடிக்கும்போது மலைக்கு இந்தப் பக்கம் காற்றும் சாரலுமாகக் கழிந்துவிடும், ஐப்பசி கார்த்திகை வந்தால்தான் நம் கிழக்குக் கடற்கரைக்கு முறை. அங்கேயும் அதே இரண்டு பருவக்காற்றுதான், நடுவில் அதே மாதிரி மலைத்தொடர்தான். மே நடுவில் மழை பிடித்தால் அந்தமான் பக்கம் அக்டோபர் வரை அலை கொந்தளிக்கும். சமுய் பக்கம் அந்த மாதங்களில் பெரும்பாலும் வெயில், எப்போதாவது மாலையில் ஒரு மழை. சமுய் ஊறிப்போவது அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை.

மே மாதம் புக்கெட்டில் நாள் முழுக்க மழை கொட்டும் என்று சொல்லவில்லை. அரை மணி நேரம் பெய்யும், நிற்கும், வெயில் அடிக்கும், ஓட்டல் விலையும் பாதியாக இருக்கும்; ஜோடியாகப் போய் ஸ்பா, சாப்பாடு, அறைக்குள் ஓய்வு என்று இருப்பவர்களுக்கு அது நல்ல பேரம். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துக் கடற்கரைகளில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள், இறங்கக் கூடாது என்று அர்த்தம். மேலே பார்த்தால் நீலமாகத்தான் இருக்கும், அடியில் நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். ஆண்டுதோறும் சுற்றுலாப் பயணிகள் அதில் மூழ்கிச் சாகிறார்கள். பி பி தீவுக்கு ஸ்பீடு போட்டில் போவது அலை இல்லாத நாளிலேயே குலுக்கல்தான், மே மாதத்தில் ஆறு வயதுக் குழந்தையோடும் முழங்கால் வலியோடும் அதில் ஏற வேண்டாம். அதே கடலில் இருக்கிற சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பூட்டியே வைக்கிறார்கள்.

இதே கேள்வியை டிசம்பர் கடைசிக்கோ ஜனவரிக்கோ கேட்டிருந்தால் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக் கிராபிக்கு அனுப்பியிருப்பேன்.

அடுத்தது ஊர்களின் எண்ணிக்கை. 13 இரவில் ஆறு ஊர். காகிதத்தில் பார்த்தால் நிறைய பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறுகிற நாளை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். காலையில் ஐந்து பேரின் துணிமணியையும் பெட்டியில் அடைக்க வேண்டும், காயாத நீச்சல் உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் திணிக்க வேண்டும், 11 அல்லது 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், வேன் வர வேண்டும், படகுத்துறையில் காத்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் இரண்டு மணிக்கு முன்னால் அறை தர மாட்டார்கள். அந்த நாள் போயிற்று. உங்கள் திட்டத்தில் இப்படி ஐந்து நாள் போகிறது. பட்டாயாவை நம் ஊர் பேக்கேஜ்காரர்கள் பாங்காக்கோடு சேர்த்தே விற்பார்கள், அங்கிருந்து இரண்டு மணி நேர ரோடுதான் என்பதால். ஊர்க் கடற்கரைத் தண்ணீருக்காக யாரும் அங்கே போவதில்லை, குடும்பத்தோடு போய்த் தங்கித்தான் ஆக வேண்டும் என்கிற ஊரும் இல்லை.

சரி, நான் போட்டுத் தருகிற கணக்கு: பாங்காக் மூன்று இரவு, ரயிலில் ஒரு இரவு, சமுயில் ஆறு இரவு, திரும்பப் பாங்காக் மூன்று இரவு. நகரத்தை இரண்டாக உடைத்து முன்னும் பின்னும் வைத்ததற்குக் காரணம் உண்டு. தீவிலிருந்து நேராகப் போய் ஊருக்கு விமானம் ஏறுகிற மாதிரி யாரும் திட்டம் போடக் கூடாது. அலை அதிகமென்று ஒரு படகை நிறுத்தினால் போதும், ஐந்து பேரின் சர்வதேச டிக்கெட்டும் வீண். அதோடு, ஷாப்பிங்கைக் கடைசி மூன்று நாளில் வைத்துக்கொண்டால் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு தீவுக்கும் கரைக்கும் அலைய வேண்டாம். முதல் மூன்று நாளில் கோயில், அரண்மனை, ஆறு. கடைசி மூன்று நாளில் கடை, பிள்ளைகளுக்கு ஏசி போட்ட இடங்கள். கடைசிப் பகுதியில் ஒரு சனி அல்லது ஞாயிறு விழுகிற மாதிரி தேதி பாருங்கள், சாட்டுசாக் சந்தை முழுசாக நடப்பது அந்த இரண்டு நாள்தான்.

இனி மாமியார். "நான் வரலை" என்பதில் பாதி முழங்கால், மீதி உங்களுக்குப் பாரமாக இருந்துவிடக் கூடாதே என்கிற எண்ணம். முழங்காலுக்கு வழி செய்துவிட்டால் மீதியும் சரியாகிவிடும். விமான டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இருக்காது. சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கிய வாயிலிலிருந்து குடியேற்ற வரிசை வரை நடப்பது நல்ல கால் இருப்பவர்களுக்கே அலுப்பு.

பாங்காக்கில் அவருக்குப் பார்க்க இருப்பது உங்களுக்கு இருப்பதைவிட அதிகம் என்று நான் சொல்வேன். பெரிய அரண்மனை வளாகத்தில் மரகத புத்தர் கோயிலைச் சுற்றி நிழலான ஒரு தாழ்வாரம் ஓடுகிறது. அதன் சுவர் முழுக்க 178 பகுதிகளாக ராமாயணம், அவர்கள் ராமகியன் என்கிறார்கள். அனுமன் வெள்ளையாக இருப்பார், இராவணனுக்குப் பச்சை முகம். பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கதை சொல்லிக்கொண்டே நடக்கட்டும், கைடே வேண்டாம். காலை எட்டரைக்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் மே மாத வெயிலில் அந்தத் தளக்கல் கொதிக்கும். வெளிநாட்டவருக்கு நுழைவு 500 பாத். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மாமியாரின் புடவைக்குப் பிரச்சினை இல்லை, மகனின் அரைக்கால் சட்டைக்குத்தான் தடை. வாசலுக்கு வெளியே ஒருவர் நல்ல இங்கிலீஷில் "இன்றைக்கு அரண்மனை மூடல், வேறு கோயில் காட்டுகிறேன், 20 பாத் போதும்" என்பார். பல வருடமாக ஓடுகிற நாடகம் அது, அவர் ஏற்றிவிடுகிற டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) கடைசியில் நிற்பது நகைக்கடை வாசலில். பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள்.

அரண்மனையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டரில் சிவப்பாக, 20 மீட்டருக்கு மேல் உயரத்தில் மரத்தாலான ஒரு ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. முன்பு விழாவில் அதில் ஆடுவார்கள், அந்த ஆட்டத்தை 1935-இல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் அதைச் சேர்ந்த சடங்குகளை அருகிலுள்ள பிராமணர் கோயிலில் மார்கழி, தை வாக்கில் இன்றும் செய்கிறார்கள். அந்தச் சடங்கின் பெயரே திரியம்பவாய். நம் திருவெம்பாவை, திருப்பாவைப் பாட்டுகள் உச்சரிப்பு மாறி மாறி அடையாளம் தெரியாமல் அங்கே ஓதப்படுகின்றன. மே மாதத்தில் கேட்க முடியாது என்றாலும் மாமியாரிடம் இதைச் சொல்லிவிட்டு ஊஞ்சலைக் காட்டுங்கள், அவர் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். அப்புறம் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19-ஆம் நூற்றாண்டில் பிழைக்கப் போன தமிழர்கள் கட்டியது. கோபுரம் நம் ஊர்க் கோபுரம், உள்ளே தட்டோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். படம் எடுக்க விட மாட்டார்கள்.

வாட் அருண் கோயிலின் படிகள் செங்குத்து, அவர் ஏற வேண்டாம். ஆற்றங்கரையில் உட்கார்ந்தே அதைப் பார்க்கலாம். சாவ் ப்ரயா ஆற்றில் ஓடுகிற பயணிகள் படகு மலிவு, துறையில் கைப்பிடித்து ஏற்றிவிட ஆள் இருப்பார். சென் செப் கால்வாய்ப் படகு மட்டும் வேண்டாம், அது நின்றும் நிற்காமலும் கிளம்பும், விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டும். மதியம் 12 முதல் 4 வரை வெளியே எதுவும் வைக்காதீர்கள். இன்னொன்று, சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான். ஐந்து பேருக்குக் கிராப் செயலியில் பெரிய வண்டி என்று தேடிப் பிடிக்க வேண்டும். அறையும் அப்படித்தான், ஒன்றுக்கு மூன்று பேர் என்பது பொது வழக்கம், அதனால் நடுவில் கதவு வைத்த இரட்டை அறை கேளுங்கள். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கம், அதிலும் லிப்ட் இருக்கிற வாசல் பக்கம் தங்கினால் பாதிச் செலவு மிச்சம். மேம்பால ரயிலின் எல்லா வாசலிலும் லிப்ட் கிடையாது.

சமுய்க்குப் போகிற வழியில் ரயிலைச் சொன்னேன். உங்கள் மகனுக்காகத்தான். இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கை பெட்டியின் நீளவாக்கில் இருக்கும், நம் சைடு லோயர் போல, ஆனால் அகலம் அதிகம், திரைச்சீலை உண்டு. இரவில் பணியாளர் வந்து இருக்கையை இழுத்து, மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பை நான்கு மூலையிலும் செருகிவிட்டுப் போவார். பிள்ளைகள் அதைப் பார்க்கிற ஆர்வத்தில் தூங்கவே மாட்டார்கள். கீழ்ப்படுக்கை அகலம், விலையும் கொஞ்சம் கூட. மூன்று கீழ், இரண்டு மேல் என்று எடுங்கள். 2023 ஜனவரி முதல் தெற்கே போகிற தொலைதூர ரயில்கள் பாங் சூவில் இருக்கிற கிருங் தேப் அபிவட் என்ற புது முனையத்திலிருந்து கிளம்புகின்றன, பழைய புத்தகம் பார்த்து ஹுவா லம்போங் என்ற பழைய நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள். சுராட் தானியில் இறங்கினால் பஸ்ஸும் பெரிய கப்பலும் சேர்ந்த ஒரே டிக்கெட் கிடைக்கும், டான்சாக் துறை வரை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் கடலில் ஒன்றரை மணி நேரம். கார்கள் ஏறுகிற கப்பல் அது, ஆட்டம் குறைவு. மதியத்துக்குள் தீவில் இருக்கலாம்.

திரும்பி வரும்போது மட்டும் கையைக் கொஞ்சம் தாராளமாக்கிச் சமுயிலிருந்தே விமானம் எடுங்கள். அந்த விமான நிலையம் ஒரு தனியார் விமான நிறுவனத்துக்குச் சொந்தம், அதனால் டிக்கெட் விலை கடிக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் பாங்காக். அந்தப் பணம் இல்லையென்றால் கப்பலில் கரைக்கு வந்து சுராட் தானி விமான நிலையத்தில் மலிவு விமானம் பிடிக்கலாம், கிட்டத்தட்ட ஒரு நாள் போகும்.

சமுயில் எந்தக் கரை என்பதுதான் உங்கள் விடுமுறையையே தீர்மானிக்கும். எல்லோரும் சாவெங் சொல்வார்கள். மணல் அழகுதான், ஆனால் இரவு முழுக்கப் பாட்டுச் சத்தம், கரையின் வடமுனையில் தண்ணீர் வற்றும் நேரத்தில் எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலளவுதான். உங்களுக்கு நான் எடுப்பது சோங் மோன். சின்ன வளைவுக் கரை, அலை அடங்கியே இருக்கும், ஆறு வயதுக் குழந்தையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம், சாப்பாட்டுக் கடைகள் நடக்கிற தூரம். தரைத்தள அறையாகக் கேளுங்கள், சமுயில் பல ரிசார்ட்டுகள் குன்றுச் சரிவில் இருக்கின்றன, படத்தில் பார்த்தால் படிகள் தெரியாது. டாக்ஸி அங்கே விலை அதிகம், மீட்டர் பேச்சுக்கே இடமில்லை. ஒரே நாளுக்கு வேன் எடுத்துச் சுற்றிவிட்டு மீதி நாள் கரையிலேயே கிடங்கள்.

அந்தச் சுற்றில் பெரிய புத்தர் சிலையும், வாட் குனாராம் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்த நிலையிலேயே இருக்கிற துறவியின் உடலும் சேரும். அவர் 1973-இல் இறந்தவர், கறுப்புக் கண்ணாடி மாட்டி வைத்திருக்கிறார்கள், மகன் கேள்வி மேல் கேள்வி கேட்பான். லாமாய் கரையில் தாத்தா பாறை, பாட்டி பாறை என்று ஒன்றுக்கும் கூட்டிப் போவார் டிரைவர். பெயரை நம்பி மாமியாரோடு போகாதீர்கள், போய்ப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

சமுய்க் கடலில் அபூர்வமாகக் கனசதுரச் சொறிமீன் (பாக்ஸ் ஜெல்லிஃபிஷ்) வரும், விஷம் கடுமை. பயந்து தண்ணீருக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குக் கை கால் முழுக்க மூடுகிற நீச்சல் உடை வாங்குங்கள், வெயிலுக்கும் அதுவே காப்பு. பல கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் கட்டித் தொங்குவதைப் பார்ப்பீர்கள். கொட்டினால் நிறைய வினிகரை ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் படக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. உங்கள் கணவருக்கு ஸ்கூட்டர் ஆசை வரும். இரு சக்கர வண்டிக்கும் செல்லுபடியாகிற சர்வதேச உரிமம் கையில் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பணம் தராது, அந்தத் தீவின் ரோட்டில் மணலும் இறக்கமும் சேர்ந்து பலரை விழ வைக்கிறது.

சைவம். "வெஜிடேரியன்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள், மீன் சாறு உள்ளேயே இருக்கும். பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால், கறி மசாலாவில் இறால் விழுது, பொரித்த சாதத்தில் சிப்பிச் சாறு. நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தை "ஜே". சீன வழிச் சைவம் அது, முட்டை, பால் மட்டுமில்லை, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக, பார்ப்பதற்கு 17 போல ஒரு எழுத்து இருந்தால் அந்தக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். பாங்காக்கில் சீலோம் பக்கமும் பாஹுரத் பக்கமும் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். சமுயில் இந்திய உணவகங்கள் உண்டு, மூன்று வேளையும் அதே என்றால் அலுக்கும், விலையும் கூட. ஒரு சின்ன மின்சாரக் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்துக்கொண்டு போங்கள், அறையில் சமைக்கலாமா என்று ஓட்டலில் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவியும் காலம், பிள்ளைகள் அதிலேயே பாதி வயிறு நிரப்புவார்கள். துரியனை மட்டும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், ஓட்டல்கள் அபராதம் போடும்.

பணத்தில் இரண்டே விஷயம். அங்கே ஏடிஎம்மில் நம் கார்டைப் போட்டால் ஒவ்வொரு தடவைக்கும் 200 பாத்துக்கு மேல் கட்டணம் பிடிக்கிறார்கள், அதனால் எடுப்பதை மொத்தமாக எடுங்கள். இங்கேயே பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட்டுக்கு முன்னால் தாய் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே 1 முதல் வருகை அட்டையை ஆன்லைனில்தான் நிரப்ப வேண்டும், போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், குழந்தைகள் உட்பட ஆளுக்கு ஒன்று. அது இலவசம், பணம் கேட்கிற தளம் எதுவானாலும் போலி. முதலில் சென்னை விமானத்தை எடுங்கள், அது சுவர்ணபூமியில் இறங்குகிறதா டான் முவாங்கிலா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் நகரத்தின் வேறு வேறு மூலை. அடுத்தது சமுய் அறை, பிறகு ரயில் படுக்கை. பாங்காக் ஓட்டல் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், மே மாதத்தில் அங்கே அறைக்குப் பஞ்சமே வராது.